அமிலக் கழிவுநீரைக் கணினியில் கொதிக்கவைத்தல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பியகமப் பகுதியில் உள்ள ஒரு கல்வனைஸ் தொழிற்சாலையில் இரசாயனப் பொறியியலாளராகப் பணிபுரிகிறேன். இரும்புக் குழாய்களுக்கு நாகம் (துத்தநாகம்) பூசுவதற்கு முன்னர் அவற்றை ஐதரோகுளோரிக் அமிலத் தொட்டியில் இறக்கித் துரு நீக்கி, பின்னர் நீரில் அலசுகிறோம். அலசல் நீர் நாளொன்றுக்கு 10 கன மீற்றர் சேருகிறது, அதன் பீ.எச். 1.6. இதனை ஆவியாக்கி நீரை மீண்டும் பயன்படுத்தலாமா என்று பார்க்கக் கணினி மாதிரி ஒன்றை அமைத்தேன். ஒரு கணிப்பு முறையைத் தெரிவுசெய்தால் ஐதரசன் குளோரைட்டு முழுவதும் முதல் ஆவியோடு பறந்துவிடுகிறது. நீரில் அயன்களாகப் பிரியும் மின்பகுபொருளுக்கான முறைக்கு மாற்றினால் இம்மியும் போகவில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். இரண்டு விடைகளும் ஒரே குறையிலிருந்தே வருகின்றன. ஐதரசன் குளோரைட்டு நீரில் என்ன ஆகிறது என்பதை நீங்கள் கணினிக்குச் சொல்லவில்லை. எனவே அது தனக்குத் தெரிந்தபடி ஊகித்துக்கொண்டது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்காக உருவான பெங்-ரொபின்சன் போன்ற சமன்பாடுகளுக்கு ஐதரசன் குளோரைட்டு என்பது பூச்சியத்துக்குக் கீழே 85 பாகை செல்சியசில் கொதிக்கும் ஒரு மெல்லிய வாயு மட்டுமே. 100 பாகையில் அது திரவத்துக்குள் தங்குவதற்கு அந்தச் சமன்பாட்டில் எந்தக் காரணமும் இல்லை, ஆகவே ஓடிவிடுகிறது. மறுபுறம், மின்பகுபொருள் முறையில் அமிலம் முற்றாக அயன்களாகப் பிரிந்துவிட்டது என்று மட்டும் எழுதிவிட்டால், அயன்களுக்கு ஆவியமுக்கம் இல்லையாதலால், எதுவும் மேலே போகாது. உண்மையில் கரைசலில் அயன்களும், மிகச் சிறிதளவு பிரியாத ஐதரசன் குளோரைட்டும் சமநிலையில் இருக்கின்றன. அந்தப் பிரியாத பகுதியே ஆவியோடு சமநிலை கொள்கிறது. ஆகவே அயனாகும் தாக்கம், அதன் சமநிலை மாறிலி, பிரியாத மூலக்கூறு ஆவிக்கும் கரைசலுக்கும் இடையே எப்படிப் பங்கிடப்படும் என்பதைச் சொல்லும் ஹென்றி மாறிலி, அயன்கள் ஒன்றையொன்று பாதிப்பதற்காகச் செறிவில் செய்யும் திருத்தமான செயற்பாட்டுக் குணகங்களைத் தரும் மாதிரி ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தாலன்றி விடை பொருளுடையதாகாது. செயற்பாட்டுக் குணகத்துக்கு 1923இல் டெபாய், ஹூக்கெல் இருவரும் தந்த விதி ஐதான கரைசல்களுக்கு மட்டுமே பொருந்தும். செறிவு ஏறும்போது 1973இல் பிற்சர் முன்வைத்த சமன்பாடுகளோ, 1980களில் வந்த மின்பகுபொருள் என்.ஆர்.ரி.எல். முறையோ வேண்டும். ஆவியாக்கியின் வேலையே செறிவை ஏற்றுவது என்பதால், தொடக்கத்தில் சரியாக இருந்த மாதிரி பாதி வழியில் பிழைத்துப் போவது இங்கே சாதாரணம்.

மாதிரி சரியா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. உங்கள் கழிவுநீரைச் சற்று நேரம் மறந்துவிட்டு, தூய ஐதரோகுளோரிக் அமிலக் கரைசலை ஒரு வளிமண்டல அமுக்கத்தில் கணினியில் கொதிக்கவையுங்கள். செறிவைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு போனால், நிறைப்படி ஏறத்தாழ 20.2 சதவீதத்தில் ஆவியின் அமைப்பும் திரவத்தின் அமைப்பும் ஒன்றாக வேண்டும், கொதிநிலை 108.6 பாகையை அண்மித்திருக்க வேண்டும். அந்தப் புள்ளி வராவிட்டால், அம்மாதிரியை வைத்து உபகரணத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டாம். சல்பூரிக் அமிலம் கலந்த கழிவாயின், 50 சதவீத அமிலம் 124 பாகைக்கு அண்மையில் கொதிக்கிறதா என்று பார்க்கலாம். கையேடுகளில் அச்சான இத்தகைய இரண்டு மூன்று புள்ளிகளோடு ஒத்துப்பார்க்க ஒரு பிற்பகல் போதும். அதைச் செய்யாமல் வண்ண வரைபுகளோடு முகாமையாளர் முன் போய் நிற்பவர்களே அதிகம்.

இனி உங்கள் நீருக்கு வருவோம். அலசல் நீரில் சுயாதீன அமிலம் லீற்றருக்கு 32 மில்லிசமவலு (ஏற்றத்தின் கணக்கில் எடுக்கும் அளவு) என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 0.12 சதவீத ஐதரோகுளோரிக் அமிலம். அதை இருபது மடங்கு செறிவாக்கினாலும் 2.3 சதவீதந்தான்; ஆவியும் திரவமும் ஒன்றாகும் 20.2 சதவீதத்திலிருந்து வெகு தொலைவு, அதற்குக் கீழே ஆவியில் பெரும்பாலும் நீரே போகும். எனவே தூய அமிலமாக இருந்தால் பெரும்பகுதி அடியில் தங்கும் என்பதே சரியான எதிர்பார்ப்பு. ஆனால் பெரும்பகுதி தங்குவது உங்களுக்குப் போதாது. உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளுக்கு விடப்படும் கழிவுநீரின் பீ.எச். 6.0க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது மத்திய சுற்றாடல் அதிகார சபையின் நியமம். பீ.எச். 6 என்றால் லீற்றருக்கு ஒரு மைக்ரோமூல் ஐதரசன் அயன். உங்கள் அமிலத்தின் முப்பத்தீராயிரத்தில் ஒரு பங்கு. ஆவியோடு அதற்குச் சற்று மேல் போனாலே ஒடுங்கிய நீர் அமிலமாகிவிடும்.

அதற்கு ஐதரசன் குளோரைட்டு ஆவியாகவும் வேண்டியதில்லை. கொதிக்கும் திரவத்தின் நுண்துளிகளை ஆவி இழுத்துச் செல்லும். 2.3 சதவீதக் கரைசலில் ஒரேயொரு லீற்றர், துளிகளாக, 10,000 லீற்றர் ஒடுங்கிய நீரில் கலந்தால் அதன் பீ.எச். 4.2க்கு இறங்கிவிடும். கணினியின் பிளாஷ் பாத்திரமோ திரவத்தையும் ஆவியையும் பிசகின்றிப் பிரிப்பதாகக் கருதிக்கொள்கிறது. ஆகவே துளி இழுப்பை நீங்களே ஒரு சிறு திரவ ஓட்டமாக ஆவிக் குழாயில் சேர்த்துக் கணிக்க வேண்டும். துளி பிடிக்கும் வலையை விற்கும் நிறுவனம் உறுதியளிக்கும் அளவை அங்கே இடுங்கள். இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள்: வளியோடு தொடுகையுற்ற தூய நீரே காபனீரொட்சைட்டை உறிஞ்சி பீ.எச். 5.6 அளவில் நிற்கும். அமிலம் இம்மியும் வராத ஒடுங்கிய நீர்கூட நியமத்துக்குக் கீழே நிற்கலாம் என்பதால், கடைசியில் சிறு பீ.எச். திருத்தத்துக்கு இடம் விட்டே திட்டமிட வேண்டும்.

இதுவரை சொன்னது தூய அமிலத்துக்கு. உங்கள் தொட்டியில் இருப்பதோ இரும்புக் குளோரைட்டும் நாகக் குளோரைட்டும் கலந்த நீர். குளோரைட்டு உப்புகள் செறிவாகும்போது கரைசலில் இருக்கும் ஐதரசன் குளோரைட்டை மேலே தள்ளும். அமிலத்தின் அந்த 20.2 சதவீதக் கட்டை உடைப்பதற்கென்றே சில ஆலைகளில் கல்சியம் குளோரைட்டைச் சேர்க்கிறார்கள். நீங்கள் விரும்பாமலே உங்கள் ஆவியாக்கியில் இது நடக்கும். எனவே இரும்பையும் நாகத்தையும் விட்டுவிட்டு அமிலத்தையும் நீரையும் மட்டும் வைத்து அமைத்த மாதிரி, கடைசி மடங்குகளில் உண்மையைவிட நல்ல விடையைத் தரும்.

நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கணினிக்குள் இடுமுன் கையாற் கூட்டிப் பாருங்கள். உங்களுடையது போன்ற ஒரு நீரை எடுத்துக்கொள்வோம்: குளோரைட்டு லீற்றருக்கு 1,775 மில்லிகிராம், சல்பேற்று 480, இரும்பு 560, சோடியம் 115. குளோரைட்டு 50 மில்லிசமவலு, சல்பேற்று 10. மறை ஏற்றம் மொத்தம் 60. இரும்பு இருவலுவாயின் 20, சோடியம் 5, அமிலம் 32. நேர் ஏற்றம் 57. மூன்று குறைகிறது. கரைசலில் ஏற்றம் குறைந்திருக்க முடியாது. ஏதோ ஒன்று அளக்கப்படவில்லை. கல்வனைஸ் தொழிற்சாலையில் அது நாகமாகவே இருக்கும்: லீற்றருக்கு 98 மில்லிகிராம் நாகம் அந்த மூன்றைச் சரியாக நிரப்பும். பூச்சுச் சரியாக வராத துண்டுகளை அதே அமிலத் தொட்டியில் உரித்தெடுக்கும் வழக்கம் இருந்தால் இதற்கு வியப்படைய ஒன்றுமில்லை. கணினியோ இப்படிக் கேட்காது. ஏற்றம் ஒத்துவராவிட்டால் பல மென்பொருள்கள் தாமாகவே சோடியத்தையோ ஐதரசன் அயனையோ கூட்டிக் குறைத்துச் சமன்செய்துகொள்ளும், பின்னர் பீ.எச். ஏன் மாறியது என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அமிலத்தின் அளவுக்குப் பீ.எச். மானியை மட்டும் நம்பாமல் காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் நியமிப்பு முறையில் எடுக்கும்படியும் ஆய்வுகூடத்திடம் கேளுங்கள். மானி காட்டுவது செயற்பாட்டையே அன்றிச் செறிவை அல்ல. போதாததற்கு, சல்பேற்று தன் பங்குக்கு ஐதரசன் அயன்களில் ஒரு பகுதியை இருசல்பேற்றாகப் பிடித்துவைத்திருக்கும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த நீரை அமிலமாக வைத்துக் கொதிக்கவைக்கவே வேண்டாம் என்பேன். சூடான ஐதரோகுளோரிக் அமிலத்துக்கு 316 ரகக் கறையில் உருக்கு தாங்காது. பிசின் ஊட்டிய காரீய (கிராபைட்டு) வெப்பமாற்றி போன்ற விலையுயர்ந்த பொருட்களுக்குப் போக வேண்டும். அந்தச் செலவை எந்தக் கணினி மாதிரியும் தானாக எச்சரிக்காது. முதலில் நடுநிலையாக்கி, இரும்பையும் நாகத்தையும் ஐதரொட்சைட்டாக வீழ்படியச் செய்து வடித்துவிட்டால், மிஞ்சுவது உப்பு நீர். மேலே சொன்ன நீருக்கு அமிலத்துக்கு 32, இரும்புக்கு 20, நாகத்துக்கு 3 என மொத்தம் லீற்றருக்கு 55 மில்லிசமவலு காரம் வேண்டும்; கோஸ்டிக் சோடாவாக 2.2 கிராம், அதாவது நாளுக்கு 22 கிலோ. பிறகு கரைந்திருக்கும் உப்பு, சோடியம் குளோரைட்டும் சோடியம் சல்பேற்றுமாக, லீற்றருக்கு 3.6 கிராம். அயன்கள் எவையும் ஆவியாவதில்லை என்ற உங்கள் இரண்டாவது மாதிரியின் எடுகோள் இப்போதுதான் உண்மையாகிறது.

சுண்ணாம்பு மலிவென்று அதைப் பயன்படுத்த ஆசை வரும். அப்படிச் செய்தால் இரண்டு தொல்லைகளை மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, சுண்ணாம்பும் சல்பேற்றும் சேர்ந்து உண்டாகும் ஜிப்சம். நீர் சில மடங்கு செறிவானவுடன் அது நிரம்பலை எட்டும். 40 பாகைக்கு மேல் சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறைவதால், குழாயின் மிகச் சூடான சுவரிலேயே கல்லாகப் படியும். மற்றையது, கல்சியம் குளோரைட்டு. அதை உலர்த்திச் சாக்கில் கட்டினாலும் கொழும்பின் ஈரக் காற்றில் அது தானே நீரை இழுத்துக் கரைந்து சாக்கை நனைத்துவிடும். திண்மக் கழிவாக்கி அகற்றலாம் என்ற முழுத் திட்டமும் அங்கே கவிழ்ந்துபோகும்.

கேள்வி: மேலே எழுதிய பொறியியலாளரின் பணிப்பாளர் நான். எரிபொருளுக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: ஒரு கிலோ நீரை 100 பாகையில் ஆவியாக்க 2,257 கிலோயூல் வேண்டும், அறை வெப்பநிலையிலிருந்து சூடாக்க இன்னும் 290 அளவில். ஆக, ஒரு தொன் நீருக்கு ஏறத்தாழ 2,550 மெகாயூல். டீசல் பொயிலர் 85 சதவீதத் திறனோடு இயங்கினால் இது 83 லீற்றர் டீசல். நாளுக்கு 10 தொன் என்றால் 830 லீற்றர். இந்த எண்ணைப் பார்த்தவுடன் திட்டத்தை மூடிவைக்க வேண்டாம். ஒற்றைச் சட்டியில் கொதிக்கவைப்பதற்கான கணக்கு இது. ஒரு பாத்திரத்தின் ஆவியால் அடுத்ததைச் சூடாக்கும் மூன்று கட்ட ஆவியாக்கியில் ஒரு கிலோ நீராவி ஏறத்தாழ இரண்டரைக் கிலோ நீரை ஆவியாக்கும். ஆவியையே அமுக்கி மீண்டும் சூடேற்றப் பயன்படுத்தும் இயந்திரத்தில் ஒரு தொன்னுக்குச் செலவு 20 முதல் 50 மின் அலகு வரையில் அடங்கும்; ஆனால் கொள்முதல் விலை அதிகம்.

அமுக்கி வகையை வாங்குவதாயின் கொதிநிலை உயர்வை உங்கள் பொறியியலாளர் சரியாகக் கணிக்கிறாரா என்று கேளுங்கள். நிரம்பிய உப்புக் கரைசல் நீரைவிட 8, 9 பாகை கூடுதலாகக் கொதிக்கும். அமுக்கி தரும் வெப்பநிலை ஏற்றமே பெரும்பாலும் அந்த அளவுதான் என்றால், வெப்பத்தைக் கடத்த எதுவும் மிஞ்சாது. நடுநிலையாக்கி வடித்த நீரை முதலில் எதிர்ச் சவ்வூடுபரவலுக்கு (நீரை அமுக்கத்தால் சவ்வினூடு தள்ளி உப்பைப் பிரிக்கும் முறை) அனுப்பி முக்காற் பங்கு நீரை மீட்டுவிட்டால், ஆவியாக்க வேண்டியது 2.5 தொன் மட்டுமே. அதிலும் முதல் 2,300 லீற்றர் கிட்டத்தட்ட வெறும் நீரைப் போலவே கொதிக்கும். கடைசி 200 லீற்றரில்தான் கொதிநிலை உயர்வும் பளிங்காதலும் தலைகாட்டும். அந்த இரண்டையும் ஒரே இயந்திரத்தில் செய்யச் சொல்லி விற்பவர் சொன்னால், சிறியதொரு தனிப் பாத்திரத்துக்கும் விலை கேளுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 10 கன மீற்றர் எதற்கு? குழாயோடு ஒட்டிவரும் அமிலத்தை ஆயிரம் மடங்கு ஐதாக்க வேண்டுமானால், ஒரே அலசல் தொட்டியில் ஒரு லீற்றர் அமிலத்துக்கு ஆயிரம் லீற்றர் நீர் போகும். இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து வைத்து, நீரைக் குழாய்கள் வரும் திசைக்கு எதிராக ஓடவிட்டால் 32 லீற்றர் போதும். இரண்டாவது தொட்டிக்கு இடமில்லை என்று சொல்லாத தொழிற்சாலை இல்லை. ஆவியாக்கிக்கு இடம் எங்கிருந்து வரப்போகிறது என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும்.

கேள்வி: அவிசாவளையில் இறப்பர்பால் பதப்படுத்தும் இடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் கழிவில் போமிக்கமிலமும் உண்டு, பாலைக் காக்கச் சேர்த்த அமோனியாவும் உண்டு. மாதிரியில் எந்தப் பீ.எச். இட்டாலும் ஒடுங்கிய நீரில் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது.

பதில்: மாதிரி சொல்வது மெய். போமிக்கமிலத்தின் கொதிநிலை நீருடையதற்கு மிக அண்மையில் உள்ளது; அமோனியாவோ வாயு. இருவரையும் அடியில் நிறுத்த ஒரே வழி இருவரையும் அயனாக வைத்திருப்பது. போமிக்கமிலத்தின் பீ.கே.ஏ. (பாதி அயனாக இருக்கும் பீ.எச்.) 3.75, பீ.எச். 6இல் அதன் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கே பிரியாமல் இருக்கும். அமோனியம் அயனின் பீ.கே.ஏ. 25 பாகையில் 9.25 என்பதால் பீ.எச். 7 பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் கொதிநிலையை நெருங்கும்போது அது 7.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அறை வெப்பநிலை மாறிலியை இட்டவர்கள் ஏமாறுவது இங்கேதான். பீ.எச். 5.5க்கும் 6க்கும் இடையில் ஓட்டிப் பாருங்கள்; வெற்றிடத்தில் 60 பாகையில் கொதிக்கவைத்தால் அமோனியா இன்னும் அடங்கும். இறப்பர்ச் சீரத்தின் புரதம் நுரைக்கும் என்பது எந்த மாதிரியிலும் வராது. நுரை மேலே ஏறினால் மேற்சொன்ன கணக்கெல்லாம் வீண். ஆகவே ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையிலாவது கொதிக்கவைத்துப் பாருங்கள்.

கேள்வி: வெயிலில் திறந்த குளத்தில் விட்டுக் காயவைத்தால் என்ன? உப்பளங்கள் அப்படித்தானே இயங்குகின்றன? (தெகிவளை வாசகர்)

பதில்: உப்பளங்கள் ஆனையிறவிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் இருக்கின்றன, கொழும்பில் இல்லை. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவது அதைவிடக் குறைவு. குளம் வற்றாது, நிரம்பி வழியும், வழிவது அமிலம். பியகமப் பக்கத்து வடிகால்கள் சேருவது களனி கங்கையில். அதன் கீழே அம்பத்தலையில் கொழும்புக்கான குடிநீரில் பெரும்பகுதியை எடுக்கிறார்கள்.

கேள்வி: விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லாத மாணவி நான். இதை இலவசமாகச் செய்ய முடியுமா? (மொறட்டுவை)

பதில்: முடியும். கரைசலின் இரசாயனத்துக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் ஃப்ரீக்-சியை எடுங்கள். அதில் ஆவியாதலைக் காட்ட ஒரு நேரிய வழி உண்டு: தாக்கப் பகுதியில் நீரை மறைக் குறியோடு எழுதினால், படிப்படியாக நீர் கழிந்து, எந்த உப்பு எந்த மடங்கில் நிரம்புகிறது என்று அது சொல்லும். செறிந்த கரைசலுக்குப் பிற்சர் தரவுக் கோப்பைத் தெரிவுசெய்யுங்கள். ஆவியாகும் அமிலத்தைக் கணிப்பதாயின், நீங்கள் எடுக்கும் கோப்பில் அந்த வாயு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இல்லாவிட்டால் அது மௌனமாக விட்டுவிடும். வெப்பச் சமநிலைக்கும் பாத்திர வரிசைக்கும் டி.டபிள்யூ.சிம் என்ற திறந்த மென்பொருள் போதும். இரண்டையும் இணைப்பது கைவேலைதான். ஆனாலும் எந்த எண் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: கடைசியில் மிஞ்சும் உப்பை யார் எடுப்பார்கள்? (முதற் கேள்வியைக் கேட்டவரே)

பதில்: மேலே போட்ட கணக்குப்படி நாளுக்கு 36 கிலோ. உலோகங்கள் கலந்திருந்தால் அது பட்டியலிடப்பட்ட கழிவாக (தனி விதிகளுக்கு உட்பட்ட அபாயக் கழிவு) கருதப்படலாம். அப்போது மத்திய சுற்றாடல் அதிகார சபையின் தனி உரிமம் வேண்டும். நாகத்தை முன்கூட்டியே வடித்தெடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். சீமெந்துச் சூளைக்குக் கொடுக்கலாம் என்று எண்ணியிருந்தால், குளோரைட்டு மிகுந்த கழிவை அவர்கள் விரும்புவதில்லை. அது சூளைக்குள் ஆவியாகிச் சுழன்று குளிர்ந்த பக்கத்தில் படிந்து வழியை அடைக்கும். ஆகவே ஆவியாக்கிக்கு விலைமனு கோருமுன் உப்பை ஏற்பவரிடமிருந்து எழுத்தில் உடன்பாடு பெற்றுக்கொள்ளுங்கள். அவர் ஏற்கும் ஈரப்பதன் எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும், ஏனெனில் கடைசிப் பாத்திரத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.